நிறமில்லாப் பூச்சு

பஞ்சுக்கு ஈரம் ஆகாது. வானம் மூடிக் கிடக்கும் நாளில் காற்றிலுள்ள ஈரத்தை அது தானாகவே உறிஞ்சிக்கொள்ளும். அன்று அடைத்த மெத்தை அன்றைக்குக் கனமாக, திண்ணென்று இருக்கும். நாலு நாள் வெயில் அடித்ததும் காய்ந்து தொய்ந்துவிடும். அதனால் மேகம் கட்டிய நாட்களில் அந்த வீட்டில் மெத்தை அடைக்க மாட்டார்கள். உறை தைப்பார்கள், நூல் முறுக்குவார்கள், பிரிக்க வந்த பழைய மெத்தைகளைக் கிழித்து, கட்டிபட்ட பஞ்சைத் தனியாகவும் தேறுகிற பஞ்சைத் தனியாகவும் எடுத்து வைப்பார்கள்.

வீட்டின் முன்னறைதான் பட்டறை. அண்ணன் தம்பி இருவரும் வெளிவேலை பார்த்தார்கள்; துணி வாங்குவது, மெத்தையைச் சுருட்டி வண்டியில் ஏற்றுவது, வீடு வீடாக இறக்குவது. உள்வேலை மூன்று பெண்களுடையது. அண்ணன் மனைவியைத் தெருவே பெரியவள் என்றது. தம்பி மனைவி சின்னவள். மூன்றாவது ஆள் அந்த ஆண்கள் இருவருக்கும் அக்கா. புருஷன் இறந்தபின் பிறந்த வீட்டுக்குத் திரும்பிவந்து பட்டறையைக் கையில் எடுத்துக்கொண்டவள். மருமகள்கள் இரண்டு பேரும் அவளை அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள்.

அடைத்த மெத்தையைக் கம்பால் தட்டிச் சமப்படுத்தியபின் முடிச்சுப் போட வேண்டும். முழங்கை நீள ஊசியைக் கீழிருந்து மேலே குத்தி, மேலிருந்து கீழே இறக்கி, இரண்டு நுனியையும் சேர்த்து இழுத்து முடிய வேண்டும். அதிகம் இழுத்தால் அந்த இடம் குழிந்து முதுகை உறுத்தும். தளர விட்டால் பஞ்சு ஓரத்துக்கு ஓடிவிடும். எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதை யாரும் அளந்து சொல்ல முடியாது, கைதான் சொல்லும். பெரியவளின் கை அப்படிப்பட்ட கை.

அதே கைக்கு இன்னொரு வேலையும் இருந்தது. தெருவில் பெண்கள் யார் இறந்தாலும் குளிப்பாட்ட அவளைத்தான் கூப்பிடுவார்கள். அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. உடம்பைத் திறந்து போடக் கூடாது. தடித்த துணியால் மூடி, துணிக்கு அடியில் கையை விட்டுத்தான் கழுவ வேண்டும். வயிற்றை மெல்ல அழுத்தி உள்ளே தங்கியதை வெளியேற்ற வேண்டும். பிறகு தொழுகைக்குச் செய்வதுபோல முகம், கை, கால். பிறகு தலைமுடி. பிறகு வலப்பக்கம், அதன்பின் இடப்பக்கம். மூன்று முறை, போதாது என்றால் ஐந்து, ஏழு, எண்ணிக்கை ஒற்றைப்படையில் நிற்க வேண்டும். கடைசித் தண்ணீரில் கற்பூரம். உயிரோடு இருப்பவளின் உடம்பில் வலிக்கிற இடத்தை எப்படித் தொடுவோமோ அப்படித்தான் தொட வேண்டும். உச்சி முதல் உள்ளங்கால் வரை தண்ணீர் படாத இடம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. அதனால்தான் அவள் நகங்களைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்ப்பாள். நகப்பூச்சு இருந்தால் தண்ணீர் அடியில் போகாது. கல்யாணத்துக்குப் போய்வந்த மறுநாள் இறந்த பெண்கள் எத்தனை பேரின் சிவப்பை அவள் சுரண்டி எடுத்திருக்கிறாள்!

இருபது வருடமாக இதற்கு அவள் யாரிடமும் ஒரு டம்ளர் தேநீர்கூடக் குடித்ததில்லை. குளிப்பாட்டும் பலகையில் கண்டதைப் பலகையிலேயே விட்டுவிட வேண்டும் என்ற விதியையும் மீறியதில்லை. ஆனால் ஒரு பழக்கம் இருந்தது. திரும்பி வந்து குளித்துவிட்டு அவள் ஊசியோடு உட்காரும்போது தெருப்பெண்கள் இரண்டு பேராவது வந்து வாசலில் நிற்பார்கள்.

“எப்படி இருந்தாங்க?”

“தூங்கற மாதிரி. முகத்துல ஒரு வெளிச்சம். என் கையே மணத்துச்சுன்னா பாத்துக்கோயேன்.”

நல்லதைச் சொல்லலாம், அதற்குத் தடை இல்லை. அதனால் நல்லதை மட்டும் சொன்னாள். எதுவும் சொல்லாத நாட்களில் ஊசியைக் குத்தி இழுத்துக்கொண்டே இருப்பாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள்.

சின்னவள் வந்து ஏழு வருடம். முடிச்சு அவளுக்குச் சரியாக வராது. பஞ்சு பிரிப்பதில் கெட்டிக்காரி. பேச்சு குறைவு. வாயில்லாப் பூச்சி என்று தெருவில் பட்டப்பெயர். இரண்டு வருடம் முன்பு பெரியவள் காய்ச்சலில் கிடந்தபோது ஒரு சாவுக்கு அவள் போனாள். போய்வந்தபின் வாசலில் வந்து நின்ற பெண்களிடம், “குளிப்பாட்டியாச்சு” என்ற ஒரு சொல்லோடு உள்ளே போய்விட்டாள். அதன்பின் ஒரு வீட்டிலிருந்து, இன்னொரு வீட்டிலிருந்து என்று சின்னவளைக் கேட்டு ஆள் வரத் தொடங்கியது. முதல் முறை பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாவது முறை வரவில்லை. மூன்றாவது முறை சின்னவள் கிளம்பிப் போனபின் பெரியவள் போட்ட முடிச்சுகள் அத்தனையும் குழிந்துபோய், மெத்தையைப் பிரித்து மறுபடி தைக்க வேண்டியதாயிற்று.

பொறாமை ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. முதலில் அது கணக்கெடுக்கும். சின்னவள் எத்தனை மணிக்கு எழுந்தாள், தொழுகையில் எவ்வளவு நேரம் நின்றாள், யார் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு தானும் அவளைவிட ஒரு நிமிடம் அதிகமாக நிற்கச் சொல்லும். பெரியவள் நின்றாள். நெற்றி தரையில் இருக்கும்போதே காது பக்கத்து விரிப்பில் இருந்தது.

அண்ணிக்கு நோய் வந்தது அந்தச் சமயத்தில்தான். வயிற்றில் தொடங்கியது, எட்டு மாதம். மருத்துவமனையில் இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்றார்கள். தூக்கி உட்கார வைத்தது, துடைத்தது, வாந்தி பிடித்தது எல்லாம் பெரியவள்தான். தானே அடைத்த மெத்தையை நடுவில் பிளந்து, படுக்கைப் புண் அழுந்தாதபடி ஒரு பள்ளம் வைத்துத் தைத்தாள். அப்படி ஒரு தையலை யாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை.

பக்கத்துத் தெருக்காரி ஒருத்தி மந்திரித்த கயிறு ஒன்றைக் கொண்டுவந்தாள். கையில் கட்டினால் நோய் இறங்குமாம். பெரியவள் வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

“நோயக் கொடுத்தவன்கிட்டதான் கேப்போம். கயித்துக்கிட்ட கேக்க மாட்டோம். எடுத்துட்டுப் போம்மா.”

உள்ளே வந்து அதை அண்ணியிடம் சொன்னாள். அன்று மாலைக்குள் தெருவில் ஐந்து பேரிடமும் சொல்லியிருந்தாள்.

மருந்தின் வேகத்தில் அண்ணியின் கால்நகங்கள் கருத்து வெடித்தன. வெடிப்பு, போர்வை நூலில் மாட்டி இழுக்கும்போதெல்லாம் அவள் பல்லைக் கடித்தாள். எதிர்வீட்டு நர்ஸ்தான் வழி சொன்னாள்: நிறமில்லாத நகப்பூச்சை ஒரு தடவை பூசிவிட்டால் வெடிப்பு மூடிக்கொள்ளும், நூல் மாட்டாது. பெரியவள் ஒரு சீசா பூச்சும் அதை அழிக்கிற திரவம் ஒரு சீசாவும் வாங்கிவந்தாள்.

“தண்ணி போகாதேடி” என்றாள் அண்ணி.

“கால்தானே அண்ணி. நீங்கதான் தண்ணி தொடக்கூடாதுன்னு தொழுகைக்கு மண்ணுல கையத் தட்டி முகத்தையும் கையையும் தடவிக்கிறீங்களே. அதுல கால் கிடையாது.”

“அது இப்ப. அப்புறம்?”

பெரியவள் தூரிகையை நகத்தின் அடியிலிருந்து நுனிக்கு ஒரே இழுப்பாக இழுத்தாள். “அப்புறத்துக்கு நான் இருக்கேன். நேரம் வரும்போது நானே அழிச்சுடுவேன். போதுமா?”

பத்து நகமும் பளபளவென்று ஆயின. மறுநாள் காய்ந்தபின் பளபளப்பு மங்கி, பூசியதே தெரியாமல் போயிற்று. போர்வை மாட்டவில்லை.

நாலு நாள் கழித்து, மேகம் மூடிய ஒரு காலையில், அண்ணி கொஞ்சம் தெளிவாக இருந்தாள். பெரியவள் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காத.”

“உங்க மேல கோவிச்சுக்கிட்டு எங்க போக?”

“என்னைச் சின்னவ குளிப்பாட்டட்டும்.”

கரண்டி கஞ்சிக்குள் நின்றது.

“ஏன்? நான் என்ன குறை வச்சேன்?”

“குறையே வைக்கல. எட்டு மாசம் பெத்த பிள்ளை மாதிரி பாத்த. அதுக்கு நான் கூலி கொடுக்க முடியாது, படைச்சவன்தான் கொடுக்கணும்.”

“அப்புறம் என்ன?”

அண்ணி மூச்சு வாங்கினாள். “என் உடம்பு இருக்கற நிலமை உனக்கே தெரியும். நீ வந்து ஊசியோட உக்காருவ. அவங்க வந்து நிப்பாங்க. நல்லதா ஏதாவது சொல்லணும்னா நீ பொய் சொல்லணும். சொல்லாம இருந்தா, அவங்களே புரிஞ்சுக்குவாங்க.”

“நான் யாரைப் பத்தியும் ஒரு வார்த்தை கெட்டதா சொன்னதில்ல.”

“சொன்னதில்லடி. பாதிப் பேரை நல்லதாச் சொல்லி மீதிப் பேரை மாட்டி விட்டுட்ட.” அண்ணி சிரிக்கப் பார்த்தாள், இருமல் வந்தது. “அந்தக் கயித்துக்காரிய வாசல்லயே நிறுத்திட்டேன்னு சொன்னியே. நல்ல வேலைதான். ஆனா உள்ள தெருவையே உக்கார வச்சிருக்கியே. தொழும்போதும் அவங்க முன்னாடிதான் நிக்கற.”

“சின்னவ மட்டும் என்ன, வானத்துலேருந்து குதிச்சாளா?”

“அவ எப்படின்னு எனக்குத் தெரியாது. தெரியாம இருக்குதே, அதுதான் நல்லா இருக்கு.”

பெரியவள் கஞ்சியை ஊட்டினாள். வாயைத் துடைத்தாள். அண்ணி சொன்னதில் கடைசி வரி மட்டும் அவளுக்குள் தங்கியது. மற்றதெல்லாம் ஆறிய கஞ்சியின் மேல் படிகிற ஆடைபோல ஒதுங்கிக்கொண்டது. அது நல்லா இருக்காம். எட்டு மாதம் பீயும் மூத்திரமும் அள்ளியவள் நல்லா இல்லை, ஒன்றும் தெரியாமல் மூலையில் பஞ்சு பிரிப்பவள் நல்லா இருக்கிறாள்.

மூன்றாம் நாள் விடியலில், தொழுகைக்கு அழைத்து முடித்த சற்று நேரத்தில், அண்ணி போய்விட்டாள்.

நண்பகல் தொழுகைக்குப் பின் அடக்கம் என்று முடிவாயிற்று. பள்ளிவாசலிலிருந்து சரிவான பலகை வந்தது. பின்கட்டில் கயிறு கட்டி, மெத்தை உறைக்கு வைத்திருந்த கெட்டித் துணியைச் சுற்றிலும் தொங்கவிட்டார்கள். தூறல் விழுந்ததால் மேலே ஒரு தார்ப்பாய். அண்ணன் தம்பி இருவரும் முன்வாசலில் ஆட்களோடு நின்றார்கள். குளிப்பாட்ட வேண்டியது நீதான் என்று அண்ணி சின்னவளிடமும் சொல்லிவைத்திருந்தாள்; மறைப்புக்குள் அவளுக்கு உதவியாக இமாமின் மனைவியும் எதிர்வீட்டு நர்ஸும் தையல்காரி ஒருத்தியும் போனார்கள்.

சின்னவள் பெரியவளைத் தேடிவந்தாள். கண் வீங்கியிருந்தது.

“அக்கா, நீங்களும் வாங்க. எனக்குக் கையே ஓடல. அவங்க உடம்பு உங்களுக்குத்தான் தெரியும்.”

“உன்னைத்தானே கேட்டாங்க. நீ செய்.”

“கேட்டாங்கதான். அதுக்காக நீங்க வரக்கூடாதுன்னு சொல்லலயே.”

“நான் தண்ணி காய வச்சுத் தர்றேன். போ.”

பெரியவள் அடுப்பருகே நின்றாள். துணிக்கு அப்பால் முதல் குவளைத் தண்ணீர் விழுந்த சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தோடுதான் நகம் ஞாபகம் வந்தது. பத்துக் கால்நகம். நிறமில்லாத பூச்சு. தானே அழிக்கிறேன் என்று சொன்ன சொல். அழிக்கிற திரவம் அவளுடைய தையல் பெட்டியில், பொத்தான்களுக்கு அடியில் கிடந்தது. எடுத்துவர இருபது அடி.

அவள் நகரவில்லை.

சின்னவள் நகத்தைப் பார்ப்பாள்; சிவப்பு இருக்கிறதா என்று பார்ப்பாள். சிவப்பு இருக்காது. தேய்த்துப் பார்க்க அவளுக்குத் தோன்றாது, அது இருபது வருடக் கைக்குத்தான் தோன்றும். முடியட்டும். மூன்று முறையும் முடியட்டும்.

உள்ளே இமாமின் மனைவியின் குரல் மெதுவாக எண்ணியது. பெரியவள் வாளியைத் துணிக்கு அடியில் தள்ளினாள். காலி வாளி வந்தது. மறுபடி நிரப்பினாள். கைகள் வழக்கம்போல வேலை செய்தன. தண்ணீரின் சூட்டை முழங்கையால் தொட்டுப் பார்த்தன, அதிகமானால் பச்சைத் தண்ணீர் கலந்தன. இரண்டாவது முறை. மூன்றாவது. கற்பூரம் நுணுக்கிப் போட்ட வாளியை அவளே கொடுத்தாள். அதன் வாசனை தார்ப்பாய்க்கு அடியில் தேங்கி நின்றது. துவட்டும் துணி உதறுகிற சத்தம் கேட்டதும் மறைப்பை விலக்கி உள்ளே போனாள்.

அண்ணியைத் துணியால் மூடியிருந்தார்கள். பாதம் மட்டும் வெளியே.

“கால் நகத்தப் பாத்தியா?”

சின்னவள் நிமிர்ந்தாள். “பாத்தேனே அக்கா.”

“பாத்தியா, தேச்சியா?”

பெரியவள் குனிந்து பெருவிரல் நகத்தின் மேல் தன் நகத்தை ஓட்டினாள். மெல்லிய தோல் ஒன்று சுருண்டு எழுந்தது. அதை விரல் நுனியில் எடுத்து நர்ஸுக்கும் தையல்காரிக்கும் தெரியும்படி நீட்டினாள்.

“பூச்சு. பத்து நகத்துலயும். சொட்டுத் தண்ணி இறங்கியிருக்காது. இப்படியே கட்டி அனுப்பியிருப்பீங்க.”

சின்னவளின் முகத்திலிருந்து நிறம் இறங்கியது. துவட்டும் துணி கையிலிருந்து நழுவி ஈரத்தரையில் விழுந்தது.

“எனக்குத் தெரியலயே. கலர் இல்லயே அதுல. அண்ணி, மன்னிச்சுக்கங்க.” பலகையைப் பார்த்துத்தான் சொன்னாள். பிறகு பெரியவள் பக்கம் திரும்பி, “நல்லவேளை நீங்க வந்தீங்க அக்கா. இல்லன்னா நாளைக்கு மறுமையில நான் என்னன்னு பதில் சொல்வேன்” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பதறாத” என்றாள் இமாமின் மனைவி. “பூச்ச எடுத்துட்டு இன்னும் ரெண்டு முறை ஊத்தி அஞ்சாக்கிடுவோம். நேரம் இருக்கு.”

“இதுக்குத்தான் பெரியவ வேணுங்கறது” என்றாள் தையல்காரி. “என்ன கண்ணும்மா அது! எங்கம்மா காலம் வந்தா பெரியவ கைதான்னு நான் இப்பவே முடிவு பண்ணிட்டேன்.”

“ஆமா, அனுபவம் அனுபவம்தான்” என்றாள் நர்ஸ். பூச்சு வாங்கச் சொன்னது தான்தான் என்பது அந்தப் பதற்றத்தில் அவள் நினைவுக்கு வரவில்லை.

இதற்காகத்தான் பெரியவள் அடுப்படியில் நின்று காத்திருந்தாள். வந்துவிட்டது. இரண்டு வருடமாக ஏங்கிய சொல், குறைவில்லாமல், கேட்க வேண்டியவள் காதுபடவே சொல்லப்பட்டுவிட்டது. ஆனால் சொல்லி முடித்த கணமே அது தீர்ந்தும்போயிற்று. வாயில் போட்டதும் கரைகிற கற்கண்டு அளவுக்குக்கூட அது நிற்கவில்லை.

மண்ணில் வைத்துவிட்டுத் திரும்புகிறவர்களின் காலடிச் சத்தம் இறந்தவரின் காதில் இருக்கும்போதே வானவர்களின் கேள்வி தொடங்கிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. உன் இறைவன் யார் என்பதுதான் முதல் கேள்வி. பதில் தெரியாதவர்கள் யாரும் அந்த வீட்டில் இல்லை. நாக்கு அன்றைக்கு மனப்பாடத்தைச் சொல்லாது, வாழ்ந்ததைத்தான் சொல்லும் என்பார்கள். இன்னும் ஒன்றும் சொல்வார்கள்: ஊர் புகழ வேண்டும் என்று நல்லது செய்தவனிடம், நீ கேட்டது அங்கேயே கொடுக்கப்பட்டுவிட்டது, இங்கே உனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லப்படும். பெரியவள் இதை நூறு முறை கேட்டிருக்கிறாள், யாரோ ஒரு பணக்காரனைப் பற்றிய பேச்சு என்று நினைத்துக்கொண்டு. இப்போது பலகையருகே, கையில் அந்தச் சுருண்ட தோலோடு நிற்கையில், இருபது வருடத்தில் தான் தூக்கிய அத்தனை வாளியும் காலியாகத் திரும்பி வருவதுபோல இருந்தது.

சின்னவள் இன்னும் கையை விடவில்லை.

அவளிடம் மட்டும் தனியாகச் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அவளைத் தலைகுனிய வைத்தது இந்த மூன்று பேர் முன்னால்.

“நான்தான் பூசினேன்” என்றாள் பெரியவள்.

யாருக்கும் விளங்கவில்லை.

“நகம் வெடிச்சு மாட்டுதுன்னு நான்தான் பூசிவிட்டேன். அழிச்சுடறேன்னு அவங்ககிட்ட வாக்கும் கொடுத்தேன். இவ மேல தப்பு இல்ல. இவளுக்குத் தெரிய வழியே இல்ல.”

“மறந்துட்டிருப்பீங்க. இருக்கற துக்கத்துல…” என்றாள் நர்ஸ்.

“மறக்கல. முதல் குவளை ஊத்தும்போதே ஞாபகம் வந்துடுச்சு. இவ கெட்ட பேர் வாங்கட்டும்னு மூணு முறையும் ஊத்தி முடியற வரைக்கும் வெளிய நின்னேன்.”

தையல்காரி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, “இதை இப்படி நாலு பேர் முன்னாடி சொல்றதுக்கும் ஒரு மனசு வேணும்” என்றாள்.

“நீங்க சும்மா இருங்க” என்றாள் பெரியவள். இருபது வருடத்தில் ஒரு பாராட்டுக்கு அவள் அப்படிப் பதில் சொன்னதில்லை.

சின்னவள் கையை விட்டாள். கீழே விழுந்த துணியை எடுத்துப் பிழிந்து வாளியின் விளிம்பில் போட்டாள். முகத்தில் மறுபடி நிறம் ஏறிக்கொண்டிருந்தது. இந்த முறை வேறு நிறம்.

“நான் வந்து கூப்பிட்டேன்ல உங்கள.”

“கூப்பிட்ட.”

“கை ஓடலன்னு சொன்னேன்ல.”

“சொன்ன.”

பெரியவள் உள்ளே போய்ச் சீசாவை எடுத்துவந்தாள். பலகையின் கால்மாட்டில் மண்டியிட்டு, பஞ்சைத் திரவத்தில் நனைத்து, ஒவ்வொரு நகமாக, வெடிப்பில் உறுத்தாமல் துடைத்தாள். பத்தாவது நகம் முடிந்ததும் தலையைத் தூக்காமலே கேட்டாள்.

“என்னை மன்னிச்சுடு.”

“முடியலக்கா.”

இமாமின் மனைவி சின்னவளின் தோளைத் தொட்டாள். “மன்னிக்கறவங்களுக்குப் பெரிய கூலிம்மா.”

“தெரியும். மன்னிச்சேன்னு வாய் சொல்லிடும். மனசு சொல்லல. இவங்களப் பலகையில வச்சுக்கிட்டு நான் பொய் சொல்ல மாட்டேன்.” சின்னவள் குவளையை எடுத்துத் தண்ணீரில் முக்கினாள். “நாளைக்கும் கேளுங்க. மனசு வர்ற வரைக்கும் கேளுங்க. ரெண்டு பேர்ல ஒருத்தர் போறதுக்குள்ள கேட்டு வாங்கிடுங்க.”

“கேக்கறேன்.”

“அந்தப் பக்கம் வாங்க. தலையப் பிடிங்க. இது நாலாவது.”

பெரியவள் எழுந்து போய் இரண்டு உள்ளங்கையையும் அண்ணியின் பிடரிக்கு அடியில் கொடுத்து, இழுக்காமலும் தளர விடாமலும் தாங்கிக்கொண்டாள். சின்னவள் வலப்பக்கத்திலிருந்து ஊற்றத் தொடங்கினாள்.